எண் 11 யாருடைய எண்?

டேட்டாபேஸ்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே ரகம். "சர்வர் லாகில் இந்த எண் வருகிறது, என்ன செய்வது?" என்று எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு மேலே இருந்த வரியும் கீழே இருந்த வரியும் கடிதத்தில் இல்லை. எனக்கு முக்கியம் அந்த இரண்டு வரிகள்தான். அசிங்க்ரனஸ் ஐஓ (சுருக்கமாக ஏஐஓ), அதாவது டிஸ்க்கிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் நகர்ந்துவிடும் முறை தொடர்பான பிழைகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். வெளியே தெரிவது டேட்டாபேஸ் கொடுத்த எண், உள்ளே இருப்பது லினக்ஸோ விண்டோஸோ கொடுத்த எண். உள் எண்ணையும், எந்த வேலையைச் செய்யப் போகும்போது அது வந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். முழு வரிகளோடு வந்த கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் டெஸ்டிங் சர்வரில் 64 பிராசசர். ஒரே மெஷினில் பத்து டாக்கர் கண்டெய்னர்களில் மைஎஸ்கியூஎல் ஓட்டுகிறோம். 8.0 இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் எல்லாவற்றையும் 8.4-க்கு மாற்றினோம். இப்போது ஆறேழு கண்டெய்னர்கள் ஒழுங்காக எழுந்துவிடுகின்றன. அதற்கு மேல் எதைத் தொடங்கினாலும் "ஐஓ செட்டப் தோற்றது, ஈ-அகெய்ன், ஐந்து முறை முயன்றாயிற்று" என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. நேட்டிவ் ஏஐஓவை, அதாவது லினக்ஸே தரும் ஏஐஓவை, அணைத்துவிடலாம் என்று லாகிலேயே யோசனையும் வருகிறது. அணைத்துவிடலாமா மேடம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: அணைக்க வேண்டாம். அணைத்தால் சர்வர் எழுந்துவிடும், நீங்களும் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். ஆனால் எது நிரம்பி வழிகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருந்தது. அம்மா அரிசி டின்னைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது மாவு தயாராக இருக்கும். மில் வாசலிலேயே நின்று, அரைத்து முடித்த பிறகுதான் நகர்வது என்றால் அது சாதாரண ஐஓ. டின்னை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது அசிங்க் ஐஓ. டேட்டாபேஸ் ஆயிரக்கணக்கான டின்களை இப்படி வைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. இதில் மூன்று இடங்களில் சிக்கல் வரலாம். டின் வைக்கவே இடமில்லாமல் போகலாம். திரும்பி வரும்போது மாவு கெட்டுப்போயிருக்கலாம். அல்லது எவ்வளவு நேரம் ஆனாலும் அரைத்து முடியாமல் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உங்களுடையது முதல் வகை. ஐஓ செட்டப் என்பது டின் வைக்க இடம் பிடிக்கும் வேலை. டிஸ்க்கை இன்னும் யாரும் தொடவே இல்லை, அதனால் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்ற பயம் தேவையில்லை.

லினக்ஸ் கர்னல் இந்த இடத்துக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ப்ராக் அடைவுக்குள் சிஸ், அதற்குள் எஃப்எஸ் என்று போனால் இரண்டு சின்ன ஃபைல்கள் இருக்கும். ஏஐஓ-மேக்ஸ்-என்ஆர் என்பது வரம்பு. ஏஐஓ-என்ஆர் என்பது இதுவரை பிடிக்கப்பட்ட இடம். வரம்பு வழக்கமாக 65,536.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியின் ஒவ்வொரு ஐஓ த்ரெட்டும் 256 இடம் கேட்கும். 8.0-இல் படிக்க 4 த்ரெட், எழுத 4 த்ரெட் என்பதுதான் இயல்பு அளவு. எட்டுக்கும் சேர்த்து 2,048. உள் வேலைகளுக்கான ஓரிரு த்ரெட்டைக் கூட்டினாலும் பத்து கண்டெய்னர்களுக்கு வரம்பில் பாதிகூட ஆகாது. 8.4-இல் படிக்கும் த்ரெட்டின் இயல்பு அளவை மாற்றிவிட்டார்கள். மெஷினில் உள்ள பிராசசர்களில் பாதி, குறைந்தது 4. உங்களுடையது 64, அதில் பாதி 32. முப்பத்திரண்டை 256-ஆல் பெருக்கினால் 8,192. படிக்கும் த்ரெட்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தாலே எட்டு கண்டெய்னர்களில் 65,536 மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். எழுதும் த்ரெட்டுகளையும் சேர்த்தால் ஆறு, ஏழுக்கு மேல் தாங்காது. உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே எண்ணிக்கைதான்!

சரிபார்ப்பது சுலபம். ஆறு கண்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏஐஓ-என்ஆர் ஃபைலைத் திறந்து பாருங்கள். 55,000-ஐத் தாண்டி நிற்கும். ஒரு கண்டெய்னரை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள், ஒன்பதாயிரத்துச் சொச்சம் இறங்கியிருக்கும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மேனேஜரிடம் விளக்கவும் வசதி.

தீர்வு இரண்டு வழியில் உண்டு. படிக்கும் த்ரெட் எண்ணிக்கையை கான்ஃபிக் ஃபைலில் 4 என்று நீங்களே எழுதிவிடலாம். ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும். இல்லையென்றால் கர்னல் வரம்பை ஏற்றலாம். ஆரக்கிள் தன் இன்ஸ்டலேஷன் கையேட்டில் சொல்லும் 10,48,576 என்ற அளவைப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். வரம்பை ஏற்றுவதாலேயே மெமரி செலவாகிவிடாது, யாராவது இடம் பிடித்தால்தான் செலவு. ஒன்று கவனியுங்கள். இந்த வரம்பு முழு மெஷினுக்கும் பொது, கண்டெய்னருக்குக் கண்டெய்னர் தனியாகக் கிடையாது. அதனால் ஹோஸ்ட் மெஷினில்தான் மாற்ற வேண்டும், அதுவும் சிஸ்கண்ட்ரோல் கான்ஃபிக்கில் எழுதிவைத்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வழியைத்தான் எடுப்பேன். பத்து டெஸ்ட் டேட்டாபேஸும் ஒரே டிஸ்க்கை நம்பியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 32 படிக்கும் த்ரெட் எதற்கு? புரொடக்‌ஷன் மெஷினில் பெரிய டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று ஓடுகிறது என்றால் இரண்டாவது வழி.

நேட்டிவ் ஏஐஓவை அணைப்பதற்கும் காலம் உண்டு. தற்காலிக ஃபைல்கள் டெம்ப்-எஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) இருந்து, பழைய கர்னல் அங்கே ஏஐஓவை ஆதரிக்காவிட்டால் அணைக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்தால் மைஎஸ்கியூஎல்லே அணைத்துக்கொள்வதும் உண்டு. உங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

கேள்வி: மைஎஸ்கியூஎல் எழவில்லை. லாகில் பிழை 11. கர்னலின் ஏஐஓ வரம்பை ஏற்றச் சொன்னார் நண்பர். பத்து லட்சத்துக்கு மேல் ஏற்றியும் அதே 11. முழு வரி: "ஐபிடேட்டா1-ஐப் பூட்ட முடியவில்லை, பிழை 11."
- வாசகர், ஈரோடு

பதில்: முழு வரியை அனுப்பியதற்கு நன்றி. விடை அதிலேயே இருக்கிறது. 11 என்பது லினக்ஸின் எண், திருப்பூர் வாசகரின் லாகில் ஈ-அகெய்ன் என்று வந்ததும் இதேதான். "கேட்டது இப்போதைக்குக் கிடைக்காது, பிறகு வா" என்பதுதான் அதற்குப் பொருள். எதைக் கேட்டீர்கள் என்பதை அது சொல்லாது. திருப்பூர் வாசகர் கேட்டது ஏஐஓ இடம். உங்கள் சர்வர் கேட்டது ஐபிடேட்டா1 என்ற இன்னோடிபி டேட்டா ஃபைலின் பூட்டு. பூட்டு ஏற்கெனவே இன்னொருவர் கையில் இருக்கிறது. அதாவது இன்னொரு மைஎஸ்கியூஎல் பிராசஸ் அதே டேட்டா அடைவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பிராசஸ் பட்டியலைப் பாருங்கள். முந்தைய ஷட்டவுன் இன்னும் முடியாமல் பஃபரை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். பெரிய பஃபர் என்றால் பல நிமிடங்கள் ஆகும், பொறுத்திருங்கள். இல்லையென்றால் ஒரே அடைவை இரண்டு கண்டெய்னர்களில் மவுண்ட் செய்திருப்பீர்கள்.

ஐபிடேட்டா1-க்கு வேறு பெயர் வைத்து, அதையே பழைய பெயரில் காப்பி எடுத்தால் பூட்டு போய்விடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பூட்டு போகத்தான் செய்யும், ஏனென்றால் காப்பி என்பது புது ஃபைல். ஆனால் பழைய பிராசஸ் உயிரோடு இருந்தால் இரண்டு சர்வர்களும் மற்ற டேபிள் ஃபைல்களில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு பேக்கப்தான் கதி.

எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்க்க மைஎஸ்கியூஎல்லோடு பீ-எரர் என்றொரு சின்னக் கருவி வருகிறது. எண்ணைக் கொடுத்தால் பொருள் சொல்லும். அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸில் டேட்டாபேஸ் ஐஓவைப் பற்றி புராஜெக்ட் செய்கிறேன். ஃபைலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் 997 என்று பிழை வருகிறது. ஆனால் டேட்டா சரியாக வந்துவிடுகிறது. என் கோடில் என்ன தவறு?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தவறே இல்லை தம்பி. மேலே சொன்ன மாவு மில்லில் டின்னை வைத்ததும் "வைத்துவிட்டுப் போங்கள், அரைத்து வைக்கிறோம்" என்பார்களே, அதுதான் 997. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அசிங்க் முறையில் படிக்கும் ஃபங்ஷன் தோல்வி என்று திரும்பி வந்தாலும், கடைசிப் பிழை எண் 997-ஆக இருந்தால் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிவு வரும்வரை காத்திருந்து, அப்போது வரும் எண்ணைத்தான் சோதிக்க வேண்டும். அங்கே 995 வந்தால் யாரோ இடையில் ரத்து செய்திருக்கிறார்கள். 38 வந்தால் ஃபைல் முடிந்துவிட்டது.

கேள்வி: எங்கள் எஸ்கியூஎல் சர்வரில் தினமும் இரவு 2 மணி வாக்கில் 833 வருகிறது. ஐஓ கோரிக்கைகள் முடிய 15 விநாடிக்கு மேல் ஆகிறதாம். காலையில் எல்லாம் சரியாக ஓடுகிறது. ஸ்டோரேஜ் பார்ப்பவர்கள் தங்கள் பக்கம் குறை இல்லை என்கிறார்கள். போன வாரம் புதிதாக 825 என்று ஒரே ஒரு வரி வந்தது. அது வெறும் தகவல்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எதை முதலில் பார்ப்பது?
- பெயர், ஊர் வெளியிட வேண்டாம்

பதில்: 825-ஐ. இன்றைக்கே. 833 ஒரு நாள் காத்திருக்கலாம்.

825 என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். குறிப்பிட்ட ஃபைலில், குறிப்பிட்ட இடத்தில் படிக்கப் போனபோது முதலில் தோற்றது, இத்தனை முறை தோற்ற பிறகு கிடைத்துவிட்டது என்கிறது. 2005 பதிப்பிலிருந்து எஸ்கியூஎல் சர்வர் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் போனால் உடனே கைவிடுவதில்லை, மேலும் நான்கு முறை வரை முயலும். அதில் ஒரு முறை கிடைத்துவிட்டால் குவெரி எழுதியவருக்கு எதுவும் தெரியாது. லாகில் இந்த ஒரு வரி மட்டும் விழும். அந்த வரிக்குக் கொடுத்திருக்கும் தீவிரம் வெறும் 10. நான்கு முறையும் கிடைக்காமல் 823-ஓ (படிக்கவே முடியவில்லை) 824-ஓ (படித்த பக்கம் சரியில்லை) ஆனால் தீவிரம் 24. எச்சரிக்கை மெயில்களை எல்லோரும் 19-க்கு மேல்தான் வைத்திருப்பார்கள். அதனால் 825 யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் மேனேஜர் அந்தப் பத்தைப் பார்த்துத்தான் தகவல் என்கிறார்.

2012-இல் ஒரு நிறுவனத்தின் பில்லிங் டேட்டாபேஸை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையோ தேடி லாகைப் புரட்டியபோது ஒரு 825 கண்ணில் பட்டது. நோட்டில் குறித்துவைத்தேன், தேதியோடு. ஸ்டோரேஜ் பார்த்துக்கொண்டிருந்த வெளி நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். சோதித்தோம், நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள், மாதக் கடைசி, இரவு ஒன்பதரை. கணக்கு முடிக்கும் ரிப்போர்ட் பாதியில் நின்றது. 824, செக்சம் (பக்கம் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை. 8 கேபி அளவுள்ள ஒரே ஒரு பக்கம். அதற்குள் சில பில்கள்.

பேக்கப் இருக்கிறதே என்று நேற்றைய பேக்கப்பைத் திறந்தோம். அதிலும் அதே பக்கம் கெட்டிருந்தது. முந்தைய நாளிலும் அப்படியே. செக்சம் சரிபார்க்கும் ஆப்ஷன் இல்லாமல் பேக்கப் எடுத்திருந்தார்கள். அந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் கெட்ட பக்கத்தையும் பேக்கப் ஒரு வார்த்தை சொல்லாமல் அள்ளிக்கொண்டு போய்விடும், வெற்றி என்றும் எழுதிவிடும். பதினோரு நாள் பின்னால் போன பிறகுதான் நல்ல பக்கம் கிடைத்தது. டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மாடலில் (எல்லா மாற்றங்களையும் லாகில் காத்துவைக்கும் முறை) இருந்ததாலும், நடுவில் ஒரு லாக் பேக்கப்கூட விடுபடாமல் இருந்ததாலும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டு, பதினோரு நாள் லாகையும் அதன் மேல் ஓட்டி முடித்தோம். விடிந்துவிட்டது. ஒரு லாக் ஃபைல் காணாமல் போயிருந்தாலும் அந்தப் பில்கள் திரும்பியிருக்காது. இந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த சர்வரை என் கையில் கொடுத்தாலும் முதல் நாள் செய்யும் வேலை, 825 என்ற எண்ணுக்கென்றே தனியாக ஓர் அலர்ட் போடுவது.

ஆகவே இன்று செய்ய வேண்டியவை. அந்த டேட்டாபேஸில் செக்-டிபி என்ற சோதனைக் கமாண்டை ஓட்டுங்கள். சுமையாக இருந்தால் ரீஸ்டோர் செய்த காப்பியில் ஓட்டலாம், பேக்கப்பும் சோதித்ததாக ஆகும். இனி எல்லா பேக்கப்பையும் செக்சம் ஆப்ஷனோடு எடுங்கள். எஸ்கியூஎல் சர்வரின் உள் டேட்டாபேஸான எம்எஸ்டிபியில் சஸ்பெக்ட் பேஜஸ் என்ற டேபிளைத் திறந்து, ஏற்கெனவே 823, 824 பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சிஸ்டம் லாகில் 129, 153 என்ற நிகழ்வு எண்களைத் தேடுங்கள். 129 என்றால் டிஸ்க் பாதையை ரீசெட் செய்திருக்கிறது, 153 என்றால் ஐஓவைத் திரும்ப முயன்றிருக்கிறது. இவற்றின் நேரத்தை 825 வந்த நேரத்தோடு பொருத்திக் காட்டினால் ஸ்டோரேஜ் ஆட்கள் "குறை இல்லை" என்று சும்மா சொல்லிவிட முடியாது. செக்-டிபியில் பிழை வந்துவிட்டால் டேட்டா இழப்பை அனுமதிக்கும் ரிப்பேர் ஆப்ஷனை மட்டும் முதலில் தொடாதீர்கள். அது பக்கத்தைச் சரிசெய்வதில்லை, பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடுகிறது.

அப்புறம் 833. இது மூன்றாம் வகை, அரைத்து முடியவில்லை என்ற வகை. எஸ்கியூஎல் சர்வர் கோரிக்கையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, 15 விநாடி ஆகியும் பதில் இல்லை. தினமும் 2 மணிக்கு என்பதே பெரிய துப்பு. அந்த நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது? ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன், விஎம் ஸ்னாப்ஷாட், அதே ஸ்டோரேஜில் இருக்கும் பக்கத்து சர்வரின் பேக்கப், இந்த மூன்றையும் முதலில் விசாரியுங்கள். எஃப்எல்டிஎம்சி என்ற கமாண்டை ஓட்டினால் ஃபைலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் எந்தெந்த ஃபில்டர் டிரைவர்கள் உட்கார்ந்திருக்கின்றன என்ற பட்டியல் வரும். டேட்டா ஃபைல்களையும் லாக் ஃபைல்களையும் ஆன்டிவைரஸிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். விண்டோஸின் அளவீட்டுக் கருவியான பர்ஃப்மானில் ஒரு படிப்புக்கு, ஒரு எழுத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்ற இரண்டு கவுண்டரையும் இரவு ஒன்றரை முதல் மூன்று வரை பதிவு செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸில் ஆரக்கிள். ஒரு சர்வரில் ஓஆர்ஏ-27090 வருகிறது, இன்னொன்றில் ஓஆர்ஏ-27061. இரண்டுமே அசிங்க் ஐஓ என்பதால், டிஸ்க் அசிங்க் ஐஓ பாராமீட்டரை இரண்டிலும் ஃபால்ஸ் செய்துவிடலாம் என்கிறார் சீனியர். சரியா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். ஆரக்கிள் பிழைகளைக் கீழிருந்து மேலே படித்துப் பழகுங்கள். மேலே இருப்பது உங்களுக்குத் தெரிந்த விளைவு, கீழே போகப் போகக் காரணம். 27090-க்குக் கீழே லினக்ஸ் பிழை 11 என்று இருக்கும். கர்னல் இடம் ஒதுக்க மறுத்திருக்கிறது. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன அதே ஏஐஓ வரம்பு, அதே இரண்டு ஃபைல்கள். வரம்பு 10,48,576 இருக்கிறதா என்று பாருங்கள். ஆரக்கிளில் இடம் பிடிப்பது ஒவ்வொரு பிராசஸும் என்பதால், பேரலல் குவெரி பெருகும் நேரத்தில் மட்டும் இது தலைகாட்டும்.

27061 என்பது காத்திருந்த ஐஓ தோற்றுவிட்டது என்று பொருள். டின்னை வைத்தாயிற்று, திரும்பி வந்தால் மாவு கெட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய அடுக்கில் மேலே 1115, அதற்குக் கீழே ஃபைல் பெயரோடு 1110, பிறகு 27061, கடைசியில் லினக்ஸ் பிழை 5. ஐந்து என்பது டிஸ்க்கோ கேபிளோ ஸ்டோரேஜோடு இணைக்கும் ஹெச்பிஏ கார்டோ பல பாதைகளைச் சேர்த்துத் தரும் மல்ட்டிபாத்தோ கைவிட்டது என்பதன் எண். அசிங்க்கை ஃபால்ஸ் செய்தால் என்ன ஆகும்? அதே கெட்ட இடத்தை நின்று காத்திருந்து படிக்கப் போவீர்கள், அப்போது 27072 வரும். எண்தான் மாறும். கர்னலின் லாகைக் காட்டும் டி-மெசேஜ் பாருங்கள், மல்ட்டிபாத்தில் எத்தனை பாதை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள், ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் வேலிடேட் ஓட்டி எந்தெந்த பிளாக் கெட்டிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். சீனியரிடம் மரியாதையாகவே இதைச் சொல்லலாம், கீழ் வரியைக் காட்டிச் சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 18-ஐ டாக்கரில் போட்டு ஐஓ மெத்தடை ஐஓ யூரிங் என்று மாற்றினேன். "ஐஓ யூரிங் வரிசையை அமைக்க முடியவில்லை: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று நின்றுவிட்டது. டேட்டா அடைவின் அனுமதிகளை எல்லாம் திறந்துவிட்டுப் பார்த்தேன், பலனில்லை.
- வாசகி, மதுரை

பதில்: திறந்துவிட்ட அனுமதிகளை முதலில் பழையபடி மூடிவிடுங்கள். ஃபைல் அனுமதிச் சிக்கலுக்கு லினக்ஸ் தரும் எண் 13, அதன் வாசகம் "பெர்மிஷன் டினைட்". உங்களுக்கு வந்தது எண் 1, "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்". தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் 1 என்பது இந்த வேலையையே இங்கே செய்யக் கூடாது என்ற தடை.

ஐஓ யூரிங் என்பது அசிங்க் ஐஓவுக்கு 2019-இல் லினக்ஸ் 5.1-இல் வந்த புது வழி. வேகமானது. ஆனால் அதில் பாதுகாப்பு ஓட்டைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்பட்டதால், டாக்கரின் புதிய பதிப்புகள், கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் செக்காம்ப் வடிகட்டியில் அதை இயல்பாகவே தடுத்துவிடுகின்றன. உங்களுடையது பெரும்பாலும் அதுதான். டாக்கருக்கு வெளியேயும் இதே 1 வந்தால் கர்னலில் ஐஓ யூரிங் டிஸேபிள்ட் என்ற அமைப்பைப் பாருங்கள், 6.6 முதல் உண்டு, 0 என்றால் திறந்திருக்கிறது. அங்கே 38 வந்தால் கர்னலுக்கு ஐஓ யூரிங்கே தெரியாது. 24 வந்தால் திறந்து வைக்கும் ஃபைல் எண்ணிக்கை போதவில்லை. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு வளையத்தை (ஐஓ யூரிங் வரிசையை) தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் அந்த ஃபைல் வரம்பை, அதாவது யூலிமிட்டை, ஏற்ற வேண்டிவரும்.

ஒன்று சொல்கிறேன். வடிகட்டியைத் தளர்த்துவதற்கு முன், தனி பிராசஸ்கள் ஐஓவைச் செய்து தரும் வொர்க்கர் முறையில் ஓட்டி அளந்து பாருங்கள். 18-இல் இயல்பு முறையே அதுதான், மூன்று வொர்க்கர்களோடு வருகிறது, எண்ணிக்கையைக் கூட்டவும் முடியும். 18-இல் அசிங்க் ஐஓ படிப்பதற்கு மட்டும்தான், எழுதுவதற்கு இல்லை. உங்கள் சுமையில் எழுதுவதுதான் அதிகம் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்காக எல்லா கண்டெய்னருக்கும் ஒரு பாதுகாப்புக் கதவைத் திறந்துவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: ஒரே ஒரு எஃப்-சிங்க் (எழுதியதை டிஸ்க்கில் சேர்த்துவிடு என்று கர்னலிடம் கேட்பது) தோற்றதற்கு போஸ்ட்கிரெஸ் மொத்தமாகப் பேனிக் ஆகி விழுந்து எழுகிறது. உள்ளே லினக்ஸ் பிழை 5. இதுவரை மூன்று முறை. டேட்டா சிங்க் ரீட்ரை என்றொரு செட்டிங் இருக்கிறது, அதை ஆன் செய்தால் விழாமல் இருக்கும் என்று படித்தேன். டிஎஃப் கமாண்டில் 40 சதவீத இடம் காலியாகத்தான் இருக்கிறது. டிஸ்க் எல்விஎம் தின் பூலில் இருக்கிறது.
- வாசகர், சேலம்

பதில்: ஆன் செய்யாதீர்கள். பேனிக் ஆவது உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான்.

2018 வரை போஸ்ட்கிரெஸும் எஃப்-சிங்க் தோற்றால் அடுத்த முறை மறுபடி முயலும். இரண்டாவது முறை வெற்றி என்று பதில் வரும், எல்லாம் சரியென்று செக்பாயிண்ட் (மாறிய பக்கங்களை டிஸ்க்கில் சேர்க்கும் வேலை) முடிந்துவிடும். அந்த ஆண்டில்தான் இதில் உள்ள ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. லினக்ஸில் எழுதுவது தோற்றால் கர்னல் அந்தப் பிழையை ஒரு முறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கங்களையே "சுத்தம்" என்று குறித்துவிடக்கூடும். அடுத்த எஃப்-சிங்க்குக்கு எழுத எதுவும் மிச்சமில்லை, அதனால் வெற்றி. டிஸ்க்கிலோ பழைய டேட்டாதான் இருக்கும். இதைச் சரிசெய்து 2019 பிப்ரவரியில் 11.2-ஐயும் பழைய பதிப்புகளுக்கான திருத்தங்களையும் வெளியிட்டார்கள். அதிலிருந்து முதல் தோல்வியிலேயே பேனிக் ஆகிறது. விழுந்து எழும்போது கடைசி செக்பாயிண்டிலிருந்து வால் (டபிள்யூஏஎல்) என்ற மாற்றங்களின் லாகை மறுபடி ஓட்டி, தொலைந்த பக்கங்களைத் திரும்ப எழுதுகிறது. நீங்கள் சொல்லும் செட்டிங் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும். லினக்ஸில் அதை ஆஃப்பிலேயே விடுங்கள்.

இனி அந்த 5 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தின் பூல் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லவேளை எழுதினீர்கள். டிஎஃப் காட்டுவது ஃபைல்சிஸ்டம் தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம். தின் பூலில் அடியில் உண்மையாக இருக்கும் இடம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பூல் நிரம்பிவிட்டால், இயல்பு அமைப்பில் எழுதும் கோரிக்கைகளை 60 விநாடி நிறுத்தி வைத்துப் பார்க்கும், அதற்குள் யாரும் பூலைப் பெரிதாக்காவிட்டால் பிழையாகத் திருப்பிவிடும். டேட்டாபேஸுக்கு அது டிஸ்க் கெட்டதுபோலவே தெரியக்கூடும். எல்விஎஸ் கமாண்டை ஓட்டி, பூல் வரியில் டேட்டா சதவீதத்தையும் மெட்டாடேட்டா சதவீதத்தையும் பாருங்கள். இரண்டில் எது நூறைத் தொட்டாலும் அதுதான் காரணம். பூலைப் பெரிதாக்கி, 80 சதவீதத்திலேயே அலர்ட் வரும்படி வைத்துவிடுங்கள். இரண்டுமே குறைவாக இருந்தால் டிஸ்க்கையே சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் ரெப்ளிகாவுக்கு (இன்னொரு மெஷினில் ஓடும் நகல் சர்வர்) மாறிவிட்டு, பழைய மெஷினின் டி-மெசேஜை முழுசாக எடுத்து அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.